நிக்கோபார் மெகாபோட்: மேட்டை எண்ணினால் பறவையை எண்ணியதாகுமா?

#1 — தாழம்புதர்

கிரேட் நிக்கோபார் துறைமுகத் திட்டம் என்றாலே பேச்சு ஏழுவரி ஆமைக்குப் போய்விடுகிறது. அதே கரையில் மண்மேடு கட்டி முட்டை புதைக்கும் நிக்கோபார் மெகாபோட் பற்றி யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. உலகத்தில் நிக்கோபார் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. நாட்டுக்கோழி அளவு, மங்கலான பழுப்பு, முகத்தில் சிவந்த தோல், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள். வடக்கே டெரெசா, கமோர்ட்டா, கச்சல், தில்லாங்சோங் பக்கம் ஒரு துணையினம். சொம்ப்ரேரோ கால்வாய்க்குத் தெற்கே லிட்டில் நிக்கோபார், கிரேட் நிக்கோபார், சுற்றியுள்ள சிறு தீவுகளில் இன்னொன்று (கொஞ்சம் கருமை கூடியது). கார் நிக்கோபாரிலும் சவுராவிலும் கிடையாது.

என் கேள்விகள் இரண்டு.

ஒன்று: எங்கே பார்த்தாலும் மேட்டுக் கணக்குதான் வருகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் திட்டப் பகுதிக்குள் 51 உயிருள்ள மேடுகள் (பறவை இப்போதும் பயன்படுத்துபவை), அதில் 30 அளவுக்கு நிரந்தரமாக அழியும் என்கிறார்கள். 51 மேடு என்றால் எத்தனை பறவை?

இரண்டு: அந்த 30 மேட்டை "இடம் மாற்றிவிடலாம்" என்று சிலர் எழுதுகிறார்கள். நடக்கிற காரியமா?

அரசியலை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே பறவை மட்டும்.

#2 — கணக்கன்

முதல் கேள்விக்கு நான்.

கோவை சாலிம் அலி மையத்தின் ரவி சங்கரன் 1990களின் தொடக்கத்தில் தீவு தீவாகக் கரையோரம் எடுத்த கணக்கு 1995இல் வெளியானது. உயிருள்ள மேடுகள் 1,159. அதிலிருந்து அவர் சொன்னது 2,318 முதல் 4,056 ஜோடி. இந்த இரண்டு எண்ணையும் 1,159ஆல் வகுத்துப் பாருங்கள். கீழ் எண் சரியாக 2, மேல் எண் 3.5. அதாவது ஒரு மேட்டைக் குறைந்தது இரண்டு ஜோடி, அதிகபட்சம் மூன்றரை ஜோடி பகிர்கின்றன என்பதே பெருக்கல் எண்.

சுனாமிக்குப் பிறகு 2006இல் இந்திய வனஉயிர் நிறுவனத்தின் சிவகுமார் மறுபடி எண்ணியபோது 394 மேடுகள், 788 ஜோடி. இங்கேயும் பெருக்கல் எண் 2.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பெருக்கல் எண் இரண்டு ஆண்டிலும் ஒன்றாக இருக்கும் வரை வீழ்ச்சி விகிதம் அதைச் சார்ந்ததே இல்லை. மேட்டிலும் 66 சதவீதம் போயிருக்கிறது, ஜோடியிலும் அதே 66. "கிட்டத்தட்ட 70 சதவீதம்" என்று எல்லோரும் எழுதுவது இதைத்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு மேடு குறைந்து, பிழைத்த ஜோடிகள் மிச்ச மேடுகளில் நெருக்கியடித்திருந்தால் 2006இன் பெருக்கல் எண் ஏறியிருக்க வேண்டும். ஜோடியில் ஒன்று செத்து மற்றது தனியே மேட்டைக் கவனித்திருந்தால் இறங்கியிருக்க வேண்டும். இரண்டில் எது நடந்திருந்தாலும் அந்த 66 ஆட்டம் காணும். வீழ்ச்சியே இல்லை என்று ஆகிவிடாது, அளவு மாறும்.

உங்கள் 51க்கு அதே கணக்கைப் போட்டால் 102 முதல் 178 ஜோடி. அழியும் 30க்கு 60 முதல் 105. தயவுசெய்து 51ஐ 394ஆல் வகுத்து "மொத்தத்தில் 13 சதவீதம்" என்று யாரும் முகநூலில் போடாதீர்கள். வேறு ஆண்டு, வேறு தேடல் முறை. ஒரே தராசில் வைக்கக் கூடாது.

#3 — தாழம்புதர்

நன்றி கணக்கன் சார். அப்படியானால் ஒரு மேட்டுக்கு எத்தனை ஜோடி என்பதை நேரடியாகக் கண்டுபிடிக்க வழி இல்லையா?

#4 — கணக்கன்

இருக்கிறது, மெனக்கெட வேண்டும். காலில் வண்ண வளையம் போட்டுவிட்டு மேட்டருகே மறைவிலிருந்து பார்ப்பது பழைய வழி. பிடிப்பதுதான் பாடு. வளையம் இல்லாத பறவைகளைக் கேமரா படத்தில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவே முடியாது, எல்லாம் ஒரே பழுப்பு.

இன்னொரு வழி, குஞ்சு வெளியேறிய பிறகு மேட்டுக்குள் கிடக்கும் ஓட்டுச் சவ்வு. அதில் குஞ்சின் மரபணு கிடைக்கும். ஒரே மேட்டின் பல சவ்வுகளை ஒப்பிட்டால் எத்தனை தாய் என்று ஊகிக்கலாம். ஆனால் அந்த ஈரத்திலும் சூட்டிலும் மரபணு வேகமாகச் சிதையும். புதிதாகப் பொரித்த ஓடு கிடைத்தால்தான் உருப்படும். கிடைத்ததும் எத்தனாலிலோ சிலிக்கா ஜெல்லிலோ போட்டுவிட வேண்டும்.

#5 — ஈரமண்

இரண்டாவது கேள்விக்குப் போகும் முன் மேடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது புரியாமல் "இடமாற்றம்" பற்றிப் பேசுவதில் பயனில்லை.

மேட்டில் இருப்பது கடல்மணல், கரிய மண், சருகு, மக்கிய கட்டை. எருக்குழி சூடாவது போலத்தான்: பூஞ்சையும் பாக்டீரியாவும் சருகைத் தின்னும்போது வெப்பம் வருகிறது. முட்டை இருக்கும் ஆழத்தில் 33 டிகிரி அளவுக்கு நிற்க வேண்டும். வெளியே காட்டு நிழலில் 27, 28 என்றால் அந்த ஐந்தாறு டிகிரி வித்தியாசம் முழுக்க நுண்ணுயிர் உழைப்பு. பறவை முட்டை மேல் உட்காருவதே இல்லை.

அந்த 33 தானாக நிற்பதும் இல்லை. மூன்று சமாச்சாரம் ஒத்துவர வேண்டும்.

ஈரம். காய்ந்தால் நுண்ணுயிர் நின்றுவிடும். அதிகம் நனைந்தால் துளைகள் அடைத்துக் காற்று போகாது, அப்போதும் நின்றுவிடும். அடைமழைக்குப் பிறகு மேடு குளிர்வதற்கு மழைத்தண்ணீரின் குளிர்ச்சி பாதிக் காரணம், மூச்சடைப்பு மீதிக் காரணம்.

காற்று. பறவை கிளறிவிடுவது இதற்காகத்தான். கிளறியதும் உயிர்வளி உள்ளே போய்ச் சூடு ஏறும்.

பருமன். சிறிய மேடு பக்கவாட்டில் வெப்பத்தை இழந்துவிடும். பெரிய மேடு தன் சூட்டைத் தானே பிடித்து வைக்கும். அதனால்தான் பழைய மேட்டையே வருஷக்கணக்கில் புதுப்பிக்கின்றன. புதுசாக ஒன்று கட்டி, அது சூடேறி, நிலைக்கு வர எவ்வளவு சருகு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

முட்டை பொரிய 70 முதல் 80 நாள். மேட்டின் சூட்டைப் பொறுத்து நீளும், குறையும். ஒரே நேரத்தில் உள்ளே நேற்றைய முட்டையும் இருக்கும், நாளை பொரியப்போகும் முட்டையும் இருக்கும். மஞ்சள் கரு மிக அதிகம், ஓடு மெல்லியது, கோழி முட்டையில் இருப்பது போன்ற காற்றறை கிடையாது. குஞ்சு அலகால் அல்ல, காலால் ஓட்டை உடைத்து, மண்ணைக் கிளறிக்கொண்டு மேலே வரும். வந்த உடனே ஓடும், சீக்கிரமே பறக்கும். தாய் தகப்பன் முகம் தெரியாது.

#6 — உப்புக்காற்று

ஈரமண் சொன்னதை வைத்துக்கொண்டு கள வேலைக்கு வருகிறேன். 51, 394, 1,159 எல்லாமே "உயிருள்ள மேடு" என்ற தீர்ப்பில்தான் நிற்கின்றன. அந்தத் தீர்ப்பு எளிதில் பிசகும்.

காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் அங்கே ஓரளவு வறண்ட பருவம். கணக்கெடுப்பை பிப்ரவரி, மார்ச்சில் வைப்பது நல்லது. மழைக்காலத்தில் பறவை மேட்டை விட்டு ஒதுங்கியிருக்கும். உயிருள்ளதைச் செத்தது என்று எழுதிவிடுவோம். மழையில் எடுத்த கணக்கையும் வறண்ட பருவத்தில் எடுத்த கணக்கையும் ஒப்பிட்டு "பெருகிவிட்டது" என்று அறிக்கை விட்டால் அது பருவத்தின் பெருக்கமே ஒழியப் பறவையின் பெருக்கம் அல்ல.

தேடும் பட்டை. பெரும்பாலான மேடுகள் மணற்கரை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில், சில பத்து மீட்டருக்குள் இருக்கும். மூன்று பேர் இணையாக நடக்க வேண்டும்: ஒருவர் காட்டு விளிம்பில், அடுத்தவர் 25 மீட்டர் உள்ளே, மூன்றாமவர் 50 மீட்டர் உள்ளே. தாழையும் நீர்ப்பருத்தியும் பின்னிக் கிடக்கும் இடத்தில் 25 மீட்டர் கூட அதிகம், 15ஆகக் குறையுங்கள். நீரிறக்கத்தில் நடக்கும்படி நேரம் வைக்க வேண்டும். ஓடை வாய்களில் உப்புநீர் முதலை உண்டு. இடுப்பளவு தண்ணீரில் இறங்குவதாகத் திட்டமே போடக் கூடாது.

வரைபடம். 2004க்கு முந்தைய கரைக்கோட்டை நம்பாதீர்கள். கிரேட் நிக்கோபாரின் தென்முனை நாலே கால் மீட்டர் அமிழ்ந்துவிட்டது, இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. பழைய வரைபடத்தில் காடு என்று இருப்பது இன்று அலையடிக்கும் இடம். சுனாமிக்குப் பிந்தைய செயற்கைக்கோள் படம்தான் வேண்டும்.

இரட்டை எண்ணிக்கை. அடர்ந்த காட்டு நிழலில் ஜி.பி.எஸ். 5 முதல் 10 மீட்டர் தள்ளிக் காட்டும். இரண்டு மேடு பத்து மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பக்கத்து மரத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டுங்கள். மேட்டில் குச்சி நட்டு அடையாளம் வைத்தால் பறவை கிளறி எறிந்துவிடும்.

உயிர் இருக்கிறதா? மேட்டின் மேல்மண் பொலபொலவென்று இருக்கிறதா, விரலை வைத்தால் உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து மேட்டைச் சுற்றி: பறவை பின்னங்காலால் சருகை வாரி மேட்டின் மேல் தள்ளும், அதனால் சுற்றிலும் சில மீட்டருக்குத் தரை கூட்டிவிட்டது போல் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் வளையம் நல்ல சாட்சி. மேட்டின் மேல் கொடி படர்ந்திருந்தால், நாற்று முளைத்திருந்தால், சிலந்தி வலை குறுக்கே கட்டியிருந்தால் செத்தது பக்கம் சாயலாம். ஆனால் உடனே எழுதிவிடக் கூடாது.

சந்தேகம் வந்தால் குச்சிச் சோதனை. பென்சில் நீளத்தில் ஆறு குச்சி, ஒன்று உச்சியில், ஐந்து சுற்றிலும், லேசாகச் செருகிவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். குச்சி விழுந்தாலே மெகாபோட் என்று ஆகாது. நண்டு தள்ளினால் பக்கத்தில் வட்டத் துளை இருக்கும். பன்றி கிளறினால் மூக்கால் உழுத நீளச் சால் இருக்கும். உடும்பு தோண்டினால் சாய்வான குறுகிய சுரங்கம், வாயில் ஓட்டுத் துண்டுகள். மெகாபோட் கிளறினால் மண் விசிறி போலப் பின்னால் சிதறியிருக்கும், நடுவே கிண்ணக் குழி. இந்த நான்கையும் பிரிக்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது வேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

#7 — புதுவரவு

வெப்பநிலைத் துப்பாக்கி வைத்து மேட்டின் சூட்டை அளந்துவிட முடியாதா? கைக்கு அடக்கமாக இருக்கிறதே.

#8 — உப்புக்காற்று

முடியாது. அது மேற்பரப்பை மட்டும் பார்க்கும். இலை இடுக்கில் வெயில் பட்ட சருகு 40 காட்டும், உள்ளே முட்டை 29இல் செத்துக்கொண்டிருக்கும்.

உள்ளே அளக்க ஒரு மீட்டர் நீளத் துருப்பிடிக்காத உலோகக் கம்பியின் நுனியில் உணரி உள்ள வெப்பமானி வேண்டும். 50, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து எண் அசையாமல் நிற்கும்வரை, நாலைந்து நிமிடம், பொறுக்க வேண்டும். 32க்கு மேல் என்றால் உயிர். காற்றின் சூட்டுக்குச் சமம் என்றால் பெரும்பாலும் இல்லை. நடுவில் 29, 30 என்று வந்தால் குச்சிச் சோதனைக்குப் போங்கள். அண்மையில் மழை பெய்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து ஒன்று: முட்டை ஓடு மெல்லியது, கம்பி நேராகக் குத்தி இறங்கினால் உடையும். புதிதாக மூடிய குழி தெரியும் இடத்தில் செருகவே கூடாது. ஒரு மேட்டில் இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். அழுத்தித் தள்ளாமல் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள், கடினமாகத் தட்டினால் வெளியே எடுத்துவிடுங்கள். வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை இது. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மேட்டில் கை வைப்பதே குற்றம்.

மேட்டின் மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 70 கிலோ மனிதர் நின்ற இடத்தில் மண் இறுகும், காற்று போகாது.

#9 — ஈரமண்

உப்புக்காற்று சொன்னதோடு ஒன்று. தானியங்கி வெப்பப் பதிவியை உள்ளே புதைத்து மாதக்கணக்கில் விட்டுவைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பறவை அதைத் தோண்டி எறிந்துவிடும். பதிவியில் நைலான் கயிறு கட்டி மறுமுனையை மரவேரில் முடிந்து வையுங்கள். தோண்டிய நேரம் பதிவில் திடீர்ச் சரிவாகத் தெரியும். அதைச் சாதனக் கோளாறு என்று அழித்துவிடாதீர்கள், மேட்டில் பறவை வேலை செய்ததற்கு நேர அடையாளமே அதுதான்.

#10 — தாழம்புதர்

கேமரா பொறி வைத்தால் இத்தனை பாடு தேவையா?

#11 — சிறகன்

கேமரா நல்லது, ஆனால் அங்கே தனக்கென்று ஒரு தொல்லை வைத்திருக்கிறது. உடல் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் உணரி விழித்துக்கொள்கிறது. நடுப்பகலில் தரையும் பறவையின் இறகுப் பரப்பும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால் பறவை முன்னால் நடந்தாலும் படம் விழாது. காலை, மாலைப் படங்கள் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்து "நண்பகலில் வருவதில்லை" என்று எழுதுவது தவறு. உணரியோடு கூட, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று நேர இடைவெளியிலும் எடுக்கும்படி வையுங்கள். மின்கலம் சீக்கிரம் தீரும், அதற்கு ஏற்ப எடுத்துப் போங்கள்.

மேட்டிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளி, முழங்கால் உயரம், லேசாகக் கீழ்நோக்கி. வடக்கோ தெற்கோ பார்த்து வையுங்கள், கிழக்கு மேற்கு என்றால் வெயில் லென்சில் விழும். ஆடும் தாழை இலையை ஒதுக்கிக் கட்டுங்கள்; வெட்ட வேண்டாம், வெட்டினால் மேட்டுக்கு நிழல் போய்விடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். எறும்பு உள்ளே கூடு கட்டும், ரப்பர் வளையத்தில் லேசாக கிரீஸ் தடவுங்கள்.

#12 — தாழம்புதர்

சரி, இடமாற்றம்?

#13 — ஈரமண்

மேட்டை மண்வெட்டியால் வெட்டிச் சாக்கில் போட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குவித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

விட்டம் ஐந்து மீட்டர், உயரம் ஒரு மீட்டர் உள்ள சாதாரண மேட்டைக் கூம்பு என்று எடுத்தால் ஆறரை கன மீட்டர். கவிழ்த்த கிண்ணம் என்று எடுத்தால் பத்துக்கு மேல். (அறிக்கையில் எந்த வடிவம் என்று சொல்லாமல் கன அளவு மட்டும் போடுபவர்களுக்கு இது.) எப்படியும் லாரி லோடு. கிளறிக் கொட்டிய உடனே உள்ளே காற்று புகும், நுண்ணுயிர் வெறிகொண்டு தின்னும், சூடு முதலில் 40ஐத் தாண்டும். அந்த வேகத்தில் எளிதில் மக்கும் சருகு தீர்ந்துபோய், பிறகு குளிரும். இடையே ஈரமும் ஆவியாகிவிடும். முட்டை உள்ளே இருந்தால் முதலில் வெந்து சாகும், தப்பினால் குளிரில் சாகும். பறவை தினமும் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சமன் செய்கிறது. புதிய இடத்தில் அந்தப் பறவை இல்லை. அது பழைய இடத்தில், தன் எல்லைக்குள், மேடு இருந்த வெறுந்தரையைக் கிளறிக்கொண்டிருக்கும்.

முட்டையை மட்டும் எடுத்துப் பொரிக்க வைப்பது வேறு விஷயம், அது முடியும். முறை இதுதான்: கையாலேயே தோண்டுங்கள், மண்வெட்டி வேண்டாம். முட்டை தெரிந்ததும் எடுப்பதற்கு முன்பே மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போடுங்கள். மை பேனா வேண்டாம், துளை வழியே ஊறும். கோழி முட்டை போல் திருப்பிவிடக் கூடாது. மேட்டுக்குள் அதை யாரும் திருப்புவதில்லை. கிடந்த நிலையிலேயே, அதே மேட்டு மண் நிரப்பிய பெட்டியில் வைத்துப் படகில் அதிராமல் கொண்டுபோக வேண்டும். பொரிப்பகத்தில் 33, 34 டிகிரி, ஈரமான மண்ணில் புதைத்து. வறண்ட காற்றில் திறந்து வைத்தால் ஓட்டின் துளைகள் வழியே நீரிழந்து கரு காய்ந்துபோகும்.

சூட்டில் அரை டிகிரி கூட அலட்சியம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். ஆஸ்திரேலியாவின் புதர் வான்கோழியும் இதே குடும்பம். அதில் 34இல் ஆண் பெண் ஏறத்தாழச் சமம், 31இல் ஆண் குஞ்சு கூடும், 36இல் பெண் கூடும். ஒவ்வொரு சூட்டிலும் எந்தப் பாலின் கரு அதிகம் சாகிறது என்பதால் வரும் வித்தியாசம் அது. நிக்கோபார்ப் பறவைக்கும் அப்படியே என்று சொல்லவில்லை, ஆனால் பொரிப்பகம் நடத்துபவர் அதை மறந்து வேலை செய்யக் கூடாது.

#14 — தென்முனை

உலகத்தில் இது நடந்திருக்கிறது. டோங்காவில் நியுவாஃபோவு என்ற ஒற்றை எரிமலைத் தீவில் மட்டும் மிஞ்சியிருந்த மெகாபோட். 1990களின் முற்பகுதியில் முட்டையும் குஞ்சுமாக லாட்டே, ஃபோனுவாலே என்ற ஆளில்லாத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஃபோனுவாலேயில் வேரூன்றிப் பெருகியது. லாட்டேயில் நிலைக்கவில்லை. வெற்றியின் காரணம் எளிது: குஞ்சுக்குத் தாய் வேண்டாம் என்பதால் முட்டையைக் கொண்டுபோய்ப் புதைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆகவே "முடியவே முடியாது" என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம் ஈரமண்.

#15 — ஈரமண்

ஒப்பிடுங்கள், ஆனால் எது ஒப்பாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே. டோங்காப் பறவை எரிமலைச் சூட்டில் வெந்நிலமாக இருக்கும் மண்ணில் குழி தோண்டி முட்டையைப் புதைக்கிறது. அடுப்பு பூமிக்குள் இருக்கிறது, அதைப் பறவை பராமரிக்க வேண்டியதில்லை. ஃபோனுவாலேயிலும் அதே எரிமலைச் சூடு. நிக்கோபாரில் அடுப்பே மேடுதான், மேடு என்றால் சருகு, சருகு என்றால் புன்னையும் நாட்டு வாதுமையும் பூவரசும் நிற்கும் கரைக்காடு. காடில்லாத இடத்துக்கு முட்டையைக் கொண்டுபோனால் குஞ்சு பொரியும், வளரும், மேடு கட்ட இடம் இருக்காது.

காடு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாமே என்றால், அங்கே ஏற்கெனவே மெகாபோட் எல்லை பிடித்து உட்கார்ந்திருக்கும். காலியாகக் கிடந்தால் ஏன் காலி என்று முதலில் கேட்க வேண்டும்.

#16 — தென்முனை

அது நியாயம். சுனாமியில் மெகாபோட் தீவும் திராக் தீவும் தங்கள் பறவைகளை இழந்தன. "அங்கே மீண்டும் விடலாம்" என்று சொல்லும்போது அந்தத் தீவுகளில் மேட்டுக்குத் தேவையான கரைக்காடு எவ்வளவு மிச்சம் என்று அளந்த பிறகே பேச வேண்டும். ஒத்துக்கொள்கிறேன்.

2022இல் மென்சால் தீவை மெகாபோட் சரணாலயமாக அறிவித்ததற்கும் இது பொருந்தும். ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த தீவு. இருக்கும் பறவைக்குக் காவல் என்றால் சரி. துறைமுகம் வரும் கலாத்தியா விரிகுடாவில் போவதற்கு ஈடு என்றால், ஏற்கெனவே மெகாபோட் இருக்கும் தீவுக்குப் பெயர்ப்பலகை மாட்டியதால் ஒரு மேடு கூடக் கூடவில்லை. அது நிக்கோபாரிகளின் மரபுவழி நிலமும் கூட.

#17 — புதுவரவு

கேமரா, பொரிப்பகம் எல்லாம் புரிகிறது. ஆனால் இந்தப் பறவை ஏன் நிக்கோபாரில் மட்டும்? சொந்தக்காரர்கள் எல்லாம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் கிழக்கு, ஆஸ்திரேலியா என்றல்லவா இருக்கிறார்கள்?

#18 — சிறகன்

நல்ல கேள்வி, இழைக்குத் தொடர்பும் உண்டு. சுமத்ரா, மலேயா, போர்னியோவின் பெரும்பகுதி எல்லாம் இடைவெளி. ஒரு கருத்து: அங்கே காட்டுப்பூனை, புனுகுப்பூனை இனங்கள் நிறைய, தரையில் புதைத்த முட்டையும் துணையில்லாத குஞ்சும் தாங்காது. நிக்கோபாரில் தரைவாழ் ஊனுண்ணிப் பாலூட்டி இயற்கையாகக் கிடையாது, அதனால் தங்கியது. இன்னொரு கருத்து, பழங்காலக் கடலோடிகள் உணவுக்காகக் கொண்டுவந்து விட்டிருக்கலாம் என்பது. தனி இனமாகவும் இரண்டு துணையினமாகவும் பிரிந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு முதல் கருத்துதான் ஏற்கத்தக்கதாகப் படுகிறது.

முதல் கருத்து சரியென்றால் நாயும் பூனையும் சாதாரண விஷயம் அல்ல. உடும்பும் மலைப்பாம்பும் எப்போதும் இருந்தவை, பறவை அவற்றோடு வாழ்ந்து பழகியது. நாய் அப்படியல்ல. குடியிருப்பு வந்தால் நாய் வரும், கரைச்சாலை போட்டால் நாய் சாலையோடு நடக்கும். மேட்டுக்கு வேலி போடுவது வீண். குஞ்சு மேட்டில் இருப்பது சில நிமிடம், மீதி நாளெல்லாம் காட்டில். குடியிருப்பு எல்லையிலேயே கருத்தடை, குப்பையை மூடிவைத்தல், கட்டுமான முகாமுக்குள் நாய் பூனை அனுமதிக்காமை, இவைதான் பலிக்கும்.

#19 — உப்புக்காற்று

வேட்டையைப் பற்றி யாராவது எழுதும் முன் ஒன்று. வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார்ப் பழங்குடிகளுக்கு 1967 ஏப்ரல் 28 அறிவிப்பின்படி இருந்த வேட்டை உரிமையை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. முதல் அட்டவணை என்பது வெளியாருக்கு. மெகாபோட் முட்டை எடுப்பதைக் குற்றமாக எழுதும் கட்டுரைகள் இதைக் கவனிப்பதே இல்லை. அறுவடை எவ்வளவு என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும், எந்த மேடு யாருடைய குடும்பத்து மேடு என்பது உட்பட.

#20 — தாழம்புதர்

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. எண்ணிக்கை எல்லாம் கரையோரம் மட்டும் எடுத்தது. உட்காட்டில் மேடு கிடையாதா?

#21 — உப்புக்காற்று

கிரேட் நிக்கோபாரில் உண்டு. ஆனால் கரையில் கோடு பிடித்து நடப்பது போல் உள்ளே நடக்க முடியாது. சரிவு, ஓடை, முள். அங்கே மாதிரிக் கட்டம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்: கரையிலிருந்து உள்நோக்கி 500 மீட்டர் நீளக் கோடு, கோட்டின் இருபுறமும் 10 மீட்டர், ஒரு கோட்டுக்கு ஒரு ஹெக்டேர். இரண்டு குழு தனித்தனியே அதே கோட்டில் நடந்து, ஒருவர் பார்த்ததை மற்றவர் தவறவிட்டது எத்தனை என்று வைத்தால் தவறும் விகிதம் கிடைக்கும். கரையோரத்திலும் இதைச் செய்யலாம். செய்யாத கணக்கெடுப்பில் "மேடு இல்லை" என்பதை "பார்க்கவில்லை" என்று படிக்க வேண்டும்.

சரிவில் உள்ள மேட்டுக்கு உயரம் எடுக்கும்போது மேல்பக்கம், கீழ்பக்கம் இரண்டிலும் அளந்து சராசரி போடுங்கள். மரத்தடியில் சாய்த்துக் கட்டிய மேட்டில் அடிமரத்தின் பருமனைக் கழிக்க மறக்க வேண்டாம். விழுந்த கட்டையோடு கட்டியதா, உயிர்மரத்தோடா, வெறுந்தரையிலா என்பதையும் குறியுங்கள். கட்டை மக்கித் தீர்ந்ததும் அந்த வகை மேட்டின் சூடு இறங்கும், அடுத்த கணக்கெடுப்பில் அது செத்திருந்தால் காரணம் தேடி அலைய வேண்டியிருக்காது.

#22 — கணக்கன்

படிவத்தில் இன்னும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசியாக மழை பெய்த தேதி. வெப்பநிலைப் பத்திக்குப் பக்கத்திலேயே.